படத்தில் வந்த எங்கள் வீடு

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் இது தொடங்கியது. அப்போது நான் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். மகள் தொடக்கநிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறையில் சில நாள் அவளையும் கடைக்குக் கூட்டிப்போவேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கிழிந்த பில் தாள்களின் பின்பக்கம் படம் வரைந்துகொண்டிருப்பாள்.

அந்தக் கடைக்கு வாரத்தில் மூன்று நாள் சாப்பிட வரும் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஒருநாள் காசு கொடுக்க வந்தவள் மகள் வரைந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளோடு ஏதோ பேசினாள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து அரை மணி நேரம் பேசினாள். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள். "அக்கா, நான் ஒரு படம் எடுக்கப் போறேன். உங்க பொண்ண நடிக்க வைக்கலாமா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு சின்ன வாடகை வீட்டில் வளரும் ஏழைச் சிறுமி, தன் கற்பனையாலேயே அந்த வீட்டைவிட்டு வெளியே போய் வருகிறாள், அதுதான் கதை என்றாள். பாட்டு, சண்டை எதுவும் கிடையாதாம். கொஞ்சம் கனவு மாதிரி இருக்குமாம். அதுவரை எனக்கு ஒன்றும் இல்லை. "உங்க வீட்டுலேயே எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டாள் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பகீர் என்றது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால் என் கணவருக்கு முதுகுத் தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. கப்பல் பட்டறையில் பார்த்த வேலைக்கு அவரால் திரும்பிப் போக முடியவில்லை. எங்கள் நாலறை வீட்டை விற்றுவிட்டு, புக்கிட் மேராவில் ஓரறை வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, இதே ஊரின் வடகோடியில், உட்லண்ட்ஸில் இருக்கும் என் அண்ணனிடம் சொல்லவில்லை. எனக்கு அப்பா மாதிரி இருந்து கல்யாணம் செய்துவைத்தவர் அவர். அந்த நாலறை வீட்டில் குடிபுகுந்த அன்று முன்னால் நின்று பால் காய்ச்சியவரும் அவர்தான். அவர் வந்து இந்த வீட்டைப் பார்த்து, முகம் வாடி நிற்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் பொய் சொன்னேன். முதலில் வீட்டில் ரெனவேஷன் நடக்கிறது என்றேன். பிறகு மேல் வீட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்றேன். அண்ணன் வருகிறேன் என்றால், நாங்களே வருகிறோம் என்பேன். கொஞ்ச நாளில் அதையும் நிறுத்தினேன். அங்கே போனால் மகள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்ற பயம். இந்தச் சின்ன ஊரில், தீவின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊரில், கூடப்பிறந்தவரின் முகத்தைப் பார்க்காமலே இரண்டு தீபாவளியை ஓட்டினேன். "சொல்லிடு, மச்சான் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று கணவர் எத்தனையோ தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் முடியாது என்றுதான் சொன்னேன். ஆனால் மகள் அன்று இரவு சாப்பிடவே இல்லை. மறுநாள் அந்தப் பெண் வந்து, "அக்கா, டென்ஷன் ஆகாதீங்க லா. இது ஆர்ட் ஃபிலிம். பத்துப் பேரு பார்த்தாலே பெரிய விஷயம்" என்று சிரித்தாள். அந்தப் பத்துப் பேரில் என் அண்ணன் எங்கே இருக்கப்போகிறார் என்று நினைத்துச் சரி என்றேன்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு வாரம் எடுத்தார்கள். மொத்தமே ஏழு பேர்தான் வந்தார்கள், ஆனால் எங்கள் வீட்டுக்குள் ஏழு பேர் நின்றால் மூச்சுவிட இடம் இருக்காது. கணவரைப் பக்கத்து வீட்டு மாக்சிக், அத்தை மாதிரி நாங்கள் அப்படிக் கூப்பிடும் மலாய்க்கார அம்மா, தன் வீட்டுச் சோபாவில் படுக்க வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் எங்கள் அடுக்குமாடி புளோக்கே அமர்க்களப்பட்டது. துணி காயப்போடும் மூங்கில் கழிகளை எடுத்துக்கொண்டு எல்லா மாடிக்காரர்களும் வீட்டு வாசல் நடைபாதைக்கு வர வேண்டுமாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கழிகளைத் துடுப்பு மாதிரி வலிக்க வேண்டுமாம். எதிர் புளோக்கிலிருந்து கேமரா. ஒன்பதாம் மாடியில் ஒரு சீனப் பெரியவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் எல்லோருக்கும் எதிர்ப்பக்கமாக வலித்தார். கீழேயிருந்து அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தியும் அவர் மாறவில்லை. கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள். நான் வேலைக்குப் போய்விட்டதால் பாதியைத்தான் பார்த்தேன். இதெல்லாம் எதற்கு என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் படம் ஒரு திரைப்பட விழாவுக்குத் தேர்வானது. அது போதாதென்று தமிழ் நாளிதழில் மகளின் படத்தோடு செய்தி வந்துவிட்டது. அன்று காலையே அண்ணி போன் செய்தார்.

"பேப்பர்ல போட்டிருக்கிறது நம்ம பாப்பாதானே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

ஏதோ உளறினேன். நாங்களும் வருகிறோம், எத்தனை மணிக்கு என்று கேட்டார். படம் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. என் வாயிலிருந்து, "அஞ்சு மணிக்கு அண்ணி" என்று வந்தது. யோசித்துச் சொன்னதுகூட இல்லை. பொய் சொல்லிச் சொல்லி நாக்கு அப்படிப் பழகியிருந்தது. அவர்கள் வந்து சேரும்போது படம் முடிந்திருக்கும், கடைசி நேரத்தில் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை வந்தது. கணவரால் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது, அதனால் வீட்டிலேயே இருந்தார். நகருக்குள் நூறு பேர் உட்காரக்கூடிய சின்னத் திரையரங்கம் அது. மகள் புதுக் கவுனில் படக்குழுவோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நான் நான்காவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். விளக்கு அணைய ஒரு நிமிடம் இருக்கும்போது பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அண்ணி. பக்கத்தில் அண்ணன். அவருக்கு அப்பால் அவர்கள் மகள், கையில் போனோடு. அவள்தான் இணையத்தில் டிக்கெட் வாங்கியிருக்கிறாள். சரியான நேரம் அதிலேயே இருந்திருக்கிறது.

அண்ணி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "படம் ஆரம்பிக்குது, பாரு" என்று மட்டும் சொன்னார். விளக்கு அணைந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

திரையில் முதலில் வந்ததே எங்கள் வீட்டுக் கதவுதான். பிறகு நீளமான நடைபாதை, எங்கள் அடுப்பு, சுவரில் ஈரம் படிந்த இடம். அந்த ஈரம் மெல்லப் பரவிக் கடலாகிறது. சுவரிலிருந்து ஒரு மீன் தலையை நீட்டிப் பள்ளிப் பாடம் ஒப்பிக்கிறது. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்குப் படத்தில் மனம் போகவில்லை. இது செட் போட்டு எடுத்தது என்று அண்ணனிடம் சொல்லிச் சமாளிக்கலாமா என்றுதான் மூளை ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அந்த அலமாரி வந்தது. வெளிர்நீலக் கதவு, நடுவில் கண்ணாடி. எங்கள் புதுமனைப் புகுவிழாவுக்கு அண்ணி தேடி அலைந்து வாங்கித் தந்த அலமாரி. பழைய வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுவந்த ஒன்றிரண்டு சாமான்களில் அதுவும் ஒன்று. படத்தில் மகள் அதைத் திறக்கிறாள், உள்ளே அலை அடிக்கிறது. எனக்குப் பின்னால் அண்ணி "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. இனி எந்தப் பொய்யும் நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பிறகுதான் நான் படத்தையே பார்த்தேன். மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லாததால் கண் திரைக்குப் போனது. மகள் நடைபாதைச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று கையை உயர்த்துகிறாள். அத்தனை மாடியிலும் ஆட்கள் கழிகளை நீட்டித் துடுப்பு வலிக்கிறார்கள். எங்கள் புளோக் மெதுவாக மண்ணிலிருந்து பெயர்ந்து, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கடலில் இறங்குகிறது. ஒன்பதாம் மாடிப் பெரியவர் மட்டும் எதிர்ப்பக்கம் வலித்துக்கொண்டே போகிறார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுதுகொண்டே.

படம் முடிந்து படக்குழு மேடையேறியது. பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒருவர் எழுந்து, இந்தக் கப்பல் யோசனை எப்படி வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அது தன் யோசனையே இல்லை என்றாள் அந்தப் பெண். சாப்பாட்டுக் கடையில் முதல் நாள் பேசியபோது மகள்தான் சொன்னாளாம். பள்ளி விட்டு வந்த பிறகு, அப்பா மாத்திரை போட்டுத் தூங்கும் நேரத்தில், தினமும் புளோக்கைக் கப்பலாக ஓட்டுவேன் என்று.

எனக்கு அது தெரியவே தெரியாது. அவள் தனியாகக் கழிக்கும் அந்த மத்தியான நேரங்களை நினைத்து நான் கல்லாவில் உட்கார்ந்து எத்தனை நாள் மனம் வெந்திருக்கிறேன்!

கேட்டவர் விடவில்லை. மகளைப் பார்த்து, படத்தில் கப்பல் எங்கே போகிறது என்று கடைசிவரை காட்டவே இல்லையே, நீ ஓட்டும்போது எங்கே போவாய் என்று கேட்டார். நாடு விட்டு நாடு, நிலா, நட்சத்திரம் என்று எதையோ எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். மகள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உட்லண்ட்ஸ்" என்றாள்.

அரங்கம் அதிரச் சிரித்தது. மகளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அங்கேதான் என் மாமா வீடு இருக்கிறது, அம்மா இப்போதெல்லாம் கூட்டிப் போவதில்லை, அதனால் நானே ஓட்டிக்கொண்டு போவேன் என்று விளக்கினாள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னவள், மாமா என்பதை மட்டும் தமிழில் சொன்னாள்.

எனக்குப் பின்னால் நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

நான் வெளியே வந்தபோது படிக்கட்டுக்குப் பக்கத்தில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று போய் நின்றேன். அதற்குள் அண்ணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எங்க மேல கோவம் இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன கோபம் என்று கேட்டேன்.

"கடைசியா நீ வந்த தீபாவளிக்கு, உன் முறுக்கு கல்லு மாதிரி இருக்குன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்ல. அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் வரமாட்டேங்கிறேன்னு நினைச்சேன். உங்க அண்ணன் அதுக்காக என்கிட்ட ரெண்டு மாசம் முகம் குடுத்துப் பேசல, தெரியுமா?"

முறுக்கு! அப்படி ஒன்று நடந்ததே எனக்கு நினைவில்லை. இரண்டு வருடமாக அண்ணி அந்த ஒரு வார்த்தையைச் சுமந்திருக்கிறார். சுமக்க வைத்தது நான். திரையரங்க வாசலில் அத்தனை பேருக்கு நடுவில் விம்மி அழுதுவிட்டேன். வீடு போனது, கணவரின் வேலை போனது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அண்ணன் முழுவதையும் கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு மணிப் படத்துக்கு ரெண்டு மணிக்கே வந்துட்டோம். மன்னிச்சுக்கம்மா" என்றார். அண்ணி பக்கென்று சிரித்துவிட்டார். இரண்டு வருடமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்தச் சிரிப்பில் இறங்கிப் போனதை உடம்பிலேயே உணர்ந்தேன்.

மகள் வெளியே ஓடிவந்து மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் அவளைத் தூக்க முயன்றார், முடியவில்லை. அவ்வளவு வளர்ந்திருந்தாள்.

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கதவைத் திறந்ததும் கணவர் மெத்தையிலிருந்து பதறி எழுந்திருக்கப் பார்த்தார். "படுங்க மச்சான், படுங்க" என்று அண்ணன் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அதை என்னால் எழுத முடியாது. நாங்கள் ஆறு பேர், வீட்டில் இருந்தது நான்கு கோப்பை. மாறி மாறித் தேநீர் குடித்தோம். அண்ணி அடுப்படியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவரே கோப்பைகளைக் கழுவினார்.

நான் பயந்த மாதிரி அண்ணன் முகம் வாடவில்லை. எங்களோடு வந்துவிடுங்கள் என்று அழைக்கவும் இல்லை. கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்பாவ நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார். சொன்னபடி வந்தார். இன்றுவரை அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார்.

கணவருக்கு இப்போது சாங்கியில் சரக்குக் கிடங்கு ஒன்றில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் புளோக் எண்ணையும் மாடியையும் சேர்த்தே சொல்கிறேன். கஷ்டத்தை ஒளித்தால் அவமானம் என் ஒருத்தியோடு முடிந்துவிடும் என்றுதான் அத்தனை நாளும் நம்பியிருந்தேன். என்மேல் பாசம் வைத்தவர்கள் அந்த இருட்டில் நின்றுகொண்டு, தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்த பிறகு, நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும் அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்துவிடுகிறேன்.