டூலோடு போன ஜாப்

பீம்ராவைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதை மட்டும் கேட்டால் அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அவன் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் நாங்கள் இருவரும் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நகராமல் நிற்கும் இடத்தில், ஒரு வெல்டிங் பட்டறையின் மாடி. லாரி வந்தது, போனது, பெட்டி எங்கே இறங்கியது என்று கணக்கு வைக்கிற சாஃப்ட்வேரை யார்டுக்காரர்களுக்கு எழுதித் தருவதுதான் எங்கள் பிழைப்பு. ஹாலில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில்கூட இன்டர்நெட் கிடையாது. முன்பு வேலை பார்த்த ஒரு ஆள் எழுதின புரோகிராம் மொத்தத்தையும் இமெயிலில் போட்டு வேறு கம்பெனிக்கு அனுப்பிவிட்டானாம். சூடு கண்ட பூனையாகிவிட்ட முதலாளி ஜேக்கப் சார், அதிலிருந்து நெட் ஒயரைத் தன் அறைக்குள் மட்டும் வைத்துக்கொண்டார்.

பீம்ராவின் உத்தியோகம் பிறந்ததே இதனால்தான். புரோகிராம் எழுதுகிற டூலுக்கு அவ்வப்போது புதுத் துணை உறுப்புகள் தேவைப்படும், பிளக்-இன் என்போம். ரிப்போர்ட் வரைய ஒன்று, டேட்டாபேஸைப் பார்க்க ஒன்று. நெட் இருக்கிற இடத்தில் பட்டனைத் தட்டினால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஹாலுக்கு பீம்ராவ்தான் சார் அறையில் அதை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து போட வேண்டும். ஒரு பிளக்-இன் இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். ஒன்று குறைந்தாலும் டூல் வாயைத் திறந்து சொல்லாது. மெனுவில் அது வராது, அவ்வளவுதான். எது எதைக் கேட்கும் என்பது பீம்ராவுக்கு அத்துப்படி. இங்கும் அங்கும் பறந்துகொண்டே இருந்ததால் அவனை 'புறா' என்று கூப்பிட்டோம். அவனுக்கு அதில் பெருமைதான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவன் பிளாக்கிலிருந்து கழுத்தில் ஐடி கார்டு தொங்க வேலைக்குப் போன முதல் ஆள் அவன். புறா போட்டால் தப்பாது என்று நாங்களே சொல்லிச் சொல்லி அவன் தலையில் ஏற்றி வைத்திருந்தோம்.

அந்த வருஷம்தான் இக்னேஷியஸ் அண்ணன் சேர்ந்தார். ராயபுரத்துக்காரர். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். இளவயதிலிருந்து இரும்பு கடைகிற லேத் ஓட்டியவர், தொழிற்சாலையை மூடிவிட்டதும் தன் பிள்ளை வயதுப் பையன்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்து முடித்தார். ஜேக்கப் சார் அவரை ஒப்பந்தத்தில் எடுத்தார். எடைமேடைச் சீட்டு அடிக்கிற புரோகிராமைத் தனியாக எழுதி யார்டுக்காரர்களிடம் ஓட்டிக் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிகிற அன்றோடு சரி. இரண்டே விரலால் டைப் அடிப்பார். ஒரு பட்டனைத் தட்டும் முன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, புது ரிப்போர்ட் பிளக்-இன்னை எல்லாக் கம்ப்யூட்டரிலும் போடச் சொன்னார் சார். அது கேட்கும் துணைகளோ ஒரு பட்டாளம். ஒவ்வொன்றாகப் போட்டால் இருட்டிவிடும். சாயங்காலம் வியாசர்பாடி கிரவுண்டில் ஃபுட்பால் மேட்ச். பீம்ராவ்தான் கோல் கீப்பர். அவன் ஒரு குறுக்கு வழி பிடித்தான். தன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டு முடித்து, டூல் இருக்கிற ஃபோல்டரையே முழுசாகக் காப்பி எடுத்தான். மற்றவற்றில் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு இதை வைத்துக்கொண்டே போனான். எழுதின வேலையெல்லாம் டி டிரைவில் தனியாகக் கிடக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான் தனியாக வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். பின்னால் வந்து சேர்ந்த இக்னேஷியஸ் அண்ணனுக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டான். வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறினான். மேட்சையும் ஜெயித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் டூலைத் திறந்தார். புது வீடு மாதிரி காலியாக இருந்தது. அவர் எழுதியதில் ஒரு வரி இல்லை. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். பிறகு, "புறா, கொஞ்சம் வாயேன் நைனா" என்று கூப்பிட்டார்.

பீம்ராவ் வந்து குனிந்தான். "வேலைய எங்கண்ணா வெச்சிருந்தீங்க?"

"டூலு ஃபோல்டருக்குள்ளதான். லேத்துல நிக்கசொல்லவும் அப்டிதான் நைனா, டூலு பக்கத்துலயே கடையற ஜாப்ப வெச்சிக்குவேன். தேடிகினு இருக்க வேணாம் பாரு."

பீம்ராவின் முகம் வெளுத்ததைப் பக்கத்து மேஜையிலிருந்து நான் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியவில்லை. அதற்குள் ஜேக்கப் சார் வந்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

"டிஸ்க்கு ரொம்பிப் போச்சு, வேண்டாதத்த அழிங்கன்னு சனிக்கிழம சொன்னீங்கல்ல சார்" என்றார் அண்ணன். "கூட சேத்து இதயும் நான் அழிச்சிட்டேன் போலகீது."

சார் பீம்ராவின் பக்கம் திரும்பினார். "அழிச்சிட்டாரா?"

"பாக்குறேன் சார்" என்றான் பீம்ராவ்.

அந்த இரண்டு வார்த்தைதான் அவனைப் பிடித்துக்கொண்டது. பொய் என்று சொல்ல முடியாது, உண்மையும் இல்லை. ஹாலில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டு விரல் மனுஷன், எதையோ தட்டித் தொலைத்திருப்பார் என்றே எல்லோரும் நினைத்தோம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்தப் பழி அவருக்குப் பொருந்திவிட்டது. முக்கியமாக, அவரே அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

போனதை மீட்க பீம்ராவ் என்னென்னவோ செய்து பார்த்தான். அழிந்த இடத்தின் மேலேயே புது ஃபோல்டரை எழுதியிருந்ததால் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. வாராவாரம் அவன் எடுத்து வைக்கிற காப்பியும் டி டிரைவிலிருந்து மட்டும்தான். அதிலும் அண்ணனின் வேலை இல்லை. பிறகு பரிகாரம் செய்ய ஆரம்பித்தான். அண்ணனுக்கு டீ, பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். தன் வேலை முடிந்த பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனதைத் திரும்ப எழுத உதவினான். அண்ணனோ போகிற வருகிறவரிடமெல்லாம், "நான் பண்ண தப்புக்கு இந்தப் புள்ள மாரடிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் பீம்ராவ் எழுந்து வெளியே போய்விடுவான். பஜ்ஜி வாங்கிக் கொடுத்துத் தீர்கிற பாவமா அது?

ஒருநாள் அண்ணன் அவனிடம் கேட்டார். "எந்தப் பட்டன தட்டி அழிச்சேன்னு நீ கண்டுபுடிச்சு சொல்லேன் நைனா. இனிமே அது பக்கமே போவ மாட்டேன்."

பீம்ராவ் அப்போதும் சொல்லவில்லை.

யார்டுக்காரர்கள் வந்த அன்று சீட்டு பாதிதான் அடித்தது. ஒப்பந்தத்தைச் சார் நீட்டிக்கவில்லை. சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "நல்ல மனுஷன்தான். ஆனா நாளைக்கு கஸ்டமர் டேட்டாவையும் இப்படி அழிச்சுட்டார்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார். அண்ணன் அதை நியாயம் என்று ஒத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு, சாப்பாட்டுக் கேரியரோடு படி இறங்கினார். பீம்ராவ் வாசல் வரை போய்க் கை கொடுத்தான்.

சில வாரம் கழித்து, மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் கொட்டினான். முழுசும் கேட்டதும் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"தெர்ல மதி. சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரே நான்தான்னுட்டாரு. அப்பறம் ஒவ்வொரு நாளும் பேஜாராப் போச்சு. இன்னிக்கி சொன்னா நேத்து ஏன் சொல்லலன்னு கேப்பாங்கல்ல."

பயம் பாதி, புறா போட்டால் தப்பாது என்ற பேர் பாதி. அந்தப் பேரைக் காப்பாற்ற ஒரு மனுஷனை மாடியிலிருந்து இறக்கிவிட்டான். இதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "என்கிட்ட அழுது பிரயோஜனமில்ல. சொல்ல வேண்டியவங்க கிட்ட சொல்லு" என்றேன்.

அன்றே ஜேக்கப் சார் அறைக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்தபோது கழுத்தில் பென் டிரைவ் இல்லை. சார் வாங்கி வைத்துக்கொண்டார். "அவர் வந்தா அவர் வேலை அவருக்குத்தான். நீயே போய்க் கூப்பிடு" என்றாராம். தனியாகப் போகத் தைரியம் இல்லாமல், "நீயும் கூட வாயேன்" என்று என்னைக் கெஞ்சினான்.

ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபத்துக்குப் பின்னால் அவர் வீட்டைத் தேடிப் போனோம். அண்ணன் இப்போது காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலைக்குப் போகிறார் என்று அவர் மனைவி பிலோமினா சொன்னார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு அண்ணன் எங்களை உட்கார வைத்தார். டிவி அலறிக்கொண்டிருந்தது.

"பிலோமி, இத்த கொஞ்சம் கம்மி பண்ணு."

அந்த அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணனின் தொடைக்குப் பக்கத்திலேயே கிடந்த ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். "பக்கத்துலதான் கீது, தொட மாட்டாரு" என்றார் என்னிடம். "செல்போனுலயும் நான்தான் நம்பர் அமுக்கித் தரணும். எதயாச்சும் அழிச்சிருவேன்றாரு. அங்கேர்ந்து வந்ததுலேர்ந்து இப்டிதான்."

பீம்ராவ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"அண்ணா, அந்த ஃபோல்டர நீங்க அழிக்கல. நான்தான் அழிச்சேன். புது டூலு போடசொல்ல பழசத் தூக்கிப் போட்டேன், உங்க வேல அதுக்குள்ள கீதுன்னு பாக்கல. திங்கக்கிழமயே எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல."

"இன்னா சொன்ன?"

"நீங்க அழிக்கலண்ணா."

கன்னத்தில் அறை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் பீம்ராவுக்கும் நன்றாக இருந்திருக்கும். அண்ணனின் முகமோ மெல்ல மெல்ல மலர்ந்தது. "பிலோமி, கேட்டுக்கினியா? நான் அழிக்கலயாம்."

"கேட்டுகினுதான் கீறேன்" என்ற அந்த அம்மா பீம்ராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அத்தினி பேரு முன்னால தப்ப ஒத்துக்கினு தலையத் தொங்கப் போட்டுகினு வந்தாரே, அப்ப நீ எங்கப்பா இருந்த?"

"அங்கதாண்ணி நின்னுகினு இருந்தேன்" என்றான் பீம்ராவ். அதற்கு மேல் அவனால் முடியவில்லை, அழுதுவிட்டான்.

"எதுக்கு நைனா அழுவுற?" என்று அண்ணன் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "நல்ல சேதிதான கொண்டாந்துகீற." நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னார். சார் வரச் சொன்னதை நான்தான் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று அந்த அம்மா செல்போனை எடுத்து நம்பரை அமுக்கப் போனார்.

"இங்க குடு. நானே அமுக்கறேன்."

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பட்டனையும் பார்த்துப் பார்த்து அமுக்கினார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

"சார், இக்னேஷியஸ் பேசுறேன். அந்த ஃபோல்டர நான் அழிக்கல சார்."

அந்தப் பக்கம் சார் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், அநேகமாக எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருப்பார். அண்ணன் வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஆமா சார், நான் அழிக்கல" என்று இன்னொரு முறை சொன்னார். பீம்ராவ் தலையைத் தூக்கவே இல்லை.