வெட்டாத மூச்சு

அடுத்த அறையிலிருந்து யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள்.

கத்திரி நிமிர்ந்து பார்த்தாள். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பதிவு அறையில், அவள் தங்கை வாயை மூடிக்கொண்டு தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசையவே இல்லை. ஆனால் ஹெட்போனுக்குள் அந்த மூச்சு மறுபடியும் வந்தது. நீளமாக இழுத்து, கடைசியில் ஒரு மெல்லிய விசிலாகத் தேய்ந்து, பூட்டிய வீட்டுக் கதவிடுக்கில் காற்று நுழைவது போல.

"பெட்டிக்காரரே, உங்களுக்கும் கேக்குதா?"

பெட்டிக்காரர் மைக் விற்பவர். எங்கே போனாலும் அலுமினியப் பெட்டியும் கையுமாகப் போவதால் அந்தப் பெயர். இன்னொரு ஹெட்போனை ஒற்றைக் காதில் வைத்துக் கேட்டார். முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"ட்யூப் இன்னும் சூடாகலைக்கா. சூடானா சரியாயிடும்."

"காலையிலேருந்து எரியுது. இன்னும் என்ன சூடு? குளிக்க வெந்நீரா போடப்போறீங்க?"

மேசையில் இரண்டு மைக்குகள் தேர்வுக்கு வந்திருந்தன. ஒன்று இந்த ட்யூப் மைக். உள்ளே சின்னக் கண்ணாடிக் குழாய், தனியாக மின்சாரம் கொடுக்க ஒரு கனத்த பெட்டி, கேட்டவுடன் நெஞ்சு அடைத்துக்கொள்கிற விலை. இன்னொன்று பாதி விலை. அதில் பேசினால் குரல் மெழுகு பூசியதுபோல வழவழவென்று வரும். தங்கை ஒரு பெரிய நாவலை முழுவதும் வாசித்துத் தர வேண்டும். ஒலி சுத்தமாக இருக்க வேண்டும் என்று பதிப்பகத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அக்கா தங்கையிடம் இருந்த பழைய மைக் வாயோடு வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும். மற்றதற்கெல்லாம் சுத்தச் செவிடு.

கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்ன? பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்கள். கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒருவனிடம், "என்கூட என் தங்கச்சியும் வருவா" என்றாள். அவன் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்காக அவள் அழவில்லை. ஒரு பெரிய ஸ்டுடியோவில் ஒயர் சுருட்டுகிற வேலையில் சேர்ந்தாள். அங்கேதான் மூச்சை வெட்டக் கற்றுக்கொண்டாள். பேசுகிறவர்கள் வாக்கியத்துக்கு நடுவில் இழுக்கிற மூச்சு, கேட்பவர்களுக்கு எரிச்சலாம். கணினித் திரையில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அது ஒரு குட்டி மேடுபோலத் தெரியும். அவளுக்குக் காதே தேவைப்படவில்லை. கண்ணால் பார்த்தே சரக் சரக்கென்று வெட்டிவிடுவாள். அதனால்தான் கத்திரி. "கூட காயையும் சேர்த்துக் கூப்பிடுங்க, சந்தையில விலை போவேன்" என்று சிரிப்பாள். பிறகு சொந்தமாக, வீட்டிலேயே இந்த இரண்டு அறைகளைப் போட்டாள். தங்கையின் தேன் குரல்தான் முதலீடு.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்." பெட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இது செகண்ட் ஹாண்ட்க்கா. இதுல கடைசியா பாடினவர்... இப்ப இல்லை. மூச்சுத் திணறிப் போயிட்டார்."

கத்திரியின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"செத்தவர் என் ஸ்டுடியோவுக்கு வந்து பாடறாராக்கும்? வாடகை கேட்டு வாங்குங்க. ட்யூபை மாத்துங்க முதல்ல."

மாற்றினார்கள். மூச்சு வந்தது. ஒயரை மாற்றினார்கள். வந்தது. ஏசியை அணைத்தாள். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். வீடு கிணறு மாதிரி அமைதியானது. அந்த அமைதிக்குள் மூச்சு முன்னைவிடத் தெளிவாக, காதோரம் யாரோ குனிந்து நிற்பதுபோலக் கேட்டது.

"சின்னவளே, கொஞ்சம் வெளியே வா."

தங்கை வந்தாள். பதிவு அறை காலியாக இருந்தது. கத்திரி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். ட்யூபின் மெல்லிய இரைச்சலைத் தவிர ஒன்றுமே இல்லை.

"போயிடுச்சு! நான்தான் சொன்னேனே, சூடானா போயிடும்னு!" பெட்டிக்காரருக்கு உயிர் வந்தது.

"நீ உள்ளே போ."

தங்கை போய் உட்கார்ந்தாள். கதவு மூடியது. மூச்சும் திரும்பி வந்து அவளோடு உட்கார்ந்தது.

"ஆளைப் பாத்து வருதே!" பெட்டிக்காரர் ஒரு அடி பின்வாங்கினார்.

கத்திரியின் விரல், பதிவு அறைக்குள் பேச அழுத்துகிற பொத்தானைத் தேடித் தடவியது. "சின்னவளே, மூச்சைப் பிடி."

விசில் நின்றது.

"விடு."

வந்தது.

ஐயோ! செத்தவன் மூச்சு என்று எதைப் பார்த்துப் பயந்தாளோ, அது உயிரோடு கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. கத்திரி பழைய பதிவுகளைத் திறந்தாள். போன மாதம். போன வருஷம். அதற்கும் முன்னால். எப்போது தொடங்கியது என்று தேடினாள். எங்கேயும் இல்லை. ஒவ்வொரு மேட்டையும் அவள்தானே வெட்டியெறிந்திருந்தாள்! மூச்சே விடாத ஒரு பெண், வருஷக்கணக்காக, இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு முதல்முறையாக அந்தக் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது.

கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கை தானே வெளியே வந்தாள்.

"எப்பலேருந்துடி?"

"தெரியலைக்கா. படி ஏறினா வரும். அப்புறம் படுத்தாலும் வர ஆரம்பிச்சுது."

"ஒரே வீட்டுல இருக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா புத்தகத்தை நிறுத்துவே. அதுவும் இல்லாம..." தங்கை சிரிக்கப் பார்த்தாள். "நீதான் எல்லாத்தையும் வெட்டிடுவியே. யாருக்குத் தெரியப்போகுது?"

கத்திரி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். நெஞ்சில் குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அந்தப் பாதி விலை மைக்கையே வாங்கு" என்றாள் தங்கை, மேசையைக் காட்டி. "காலையில அதுல பேசினப்போ இதெல்லாம் கேக்கவே இல்லை. செலவும் மிச்சம். நாவலை முடிச்சுட்டு டாக்டரைப் பாக்கலாம்."

பெட்டிக்காரர் ஆர்வமாகத் தலையாட்டினார். அந்த ட்யூப் மைக்கைப் பெட்டிக்குள் போட்டு மூடினால் போதும் என்று இருந்தது அவருக்கு.

கத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டிக்காரரே, பாதி விலை மைக்கை எடுத்துப் பெட்டிக்குள்ள வைங்க. இது இங்கேயே இருக்கட்டும்."

"அக்கா!"

"கேட்டுக்கோ. இனிமே உன் மூச்சை நான் வெட்ட மாட்டேன். ஒண்ணுகூட. நாவல் முழுக்க அது எப்படி வருதோ அப்படியே போகும். பதிப்பகத்துக்காரங்க கேக்கட்டும், ஊரே கேக்கட்டும். வேண்டாம்னா இப்பவே செருப்பைப் போடு. டாக்டர் சாயங்காலம் வரைக்கும் இருப்பார்."

"மிரட்டுறியா?"

"ஆமாடி. மிரட்டத்தான் செய்யறேன்."

தங்கை அவளையே பார்த்தாள். கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; சொல் வருவதற்குள் மூச்சு முட்டியது. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"ராட்சசி" என்றாள் கடைசியில், அழுதுகொண்டே. "எங்கே வெச்சே என் செருப்பை?"

தங்கை அதைத் தேடிக் குனிந்தபோது விசில் மறுபடியும் எழுந்தது. இந்தமுறை ஹெட்போன் யார் காதிலும் இல்லை. மூன்று பேரும் கேட்டார்கள்.

பெட்டிக்காரர் அவசரமாகப் பெட்டியைத் தூக்கினார். "காசு மெதுவா வரட்டும்க்கா, நான் வரேன்" என்றவர், மைக் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியேறினார். பஞ்சு அடைத்த அந்தக் கனத்த கதவு, அவர் பின்னால் துளிச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.