கிளி மூக்குக் கத்தி

தனக்கோடிக்கு முணுக்கென்றால் கோபம் வரும். விருத்தாசலத்தில் ஊரே பீங்கான் களிமண்ணைப் பிசைய, அவள் கல்லைத் தட்டிச் சின்னச் சின்னக் கத்திகள் செய்கிறாள். செம்புக் கம்பியால் ஓரத்தை அழுத்திச் செதில் செதிலாகப் பெயர்த்தால்தான் கல்லுக்குக் கூர் வரும். பிடிக்குப் பூவரசங்கட்டையில் கிளி செதுக்குவாள்.

அன்று அவள் சந்தைக்குப் போன நேரம், கணவன் பழமலைநாதன் உதவி செய்துவிட்டான். உதவியாம் உதவி! பீங்கான் பொம்மைகளில் அச்சு விட்ட தழும்பைத் தேய்த்து எடுப்பது அவன் வேலை. மேடு பள்ளத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. எல்லாக் கத்திகளையும் செதில் தடமே தெரியாமல் சாணையில் வழவழவென்று தேய்த்து வைத்திருந்தான்.

“கரடுமுரடா இருந்துச்சு. இப்ப பாரு, கண்ணாடியாட்டம் இருக்குது” என்றான்.

தனக்கோடி ஒரு தக்காளியை அவன் முன்னால் வைத்தாள். “அறுங்க.”

தக்காளி நசுங்கி அவன் சட்டையில் தெறித்தது.

“கிளி மூக்கையாவது வுட்டு வச்சீங்களா?” என்று கத்தியைப் பிடுங்கிப் பார்த்தாள். மூக்கும் போயிருந்தது.

அலமாரியில் அவன் தேய்த்து முடித்த பீங்கான் பொம்மைகள் மூக்கும் முழியுமாக நின்றன. கல் தட்டும் சுத்தியலை எடுத்தாள்.

“நவுருங்க. நானும் ஒங்களுக்குக் கொஞ்சம் ஒதவி பண்றேன்.”