சாலையைப் பார்த்து நின்ற டாக்சி

கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டோரம் அந்த டாக்சி எப்போதும் சாலையைப் பார்த்தபடியே நிற்கும். எதிர்வீட்டு டாக்சிக்கார அண்ணன் எவ்வளவு களைத்து வந்தாலும் ரிவர்ஸில்தான் நிறுத்துவார். எண்பதுகளில் எங்கள் புளோக்கில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். ஆளைப் பேசவிட்டுப் பார்ப்பார். பேச்சு தெளிவு, மூச்சு சீர் என்றால் டாக்சி. சந்தேகம் வந்தால் ஆம்புலன்ஸ். "அந்த வண்டி நிஜமா விழுந்தவனுக்கு வேணும்லா" என்பார்.

எனக்கோ தும்மினாலே ஆம்புலன்ஸ் வேண்டும். ஒரு நாள் காலில் பூரான் கடித்துவிட்டது. "நான் போறேன், புள்ளைங்கள பாத்துக்கோ" என்று மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். "தம்பி, நீ கத்துறது பத்துமலை முருகனுக்கே கேக்குது. இந்தத் தொண்டைக்கு ஆம்புலன்ஸா? வந்து ஏறு!"

மனைவி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஊரையே சிரிக்க வைப்பவன் என்று பெயரெடுத்த எனக்கு, கல்யாண நாள் முதல் அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் கிடைத்ததில்லை. பூரானின் விஷம் மறுநாளே இறங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு இறங்கவில்லை.

பிறகு ஒரு மாலை அண்ணனின் மனைவி எங்கள் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "என்னண்ணே, கத்தட்டுமா?" என்று சீண்டினேன். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. எனக்குப் பதிலடி தராமல் விட்டதே இல்லை அந்த மனிதர். அன்று பதில் வரவில்லை. கீழே மளிகைக்கடை போனுக்கு ஓடினேன். முகவரியைப் பிசகாமல் சொன்னேன். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. நல்லவேளை, அந்நேரம் எவனும் பூரான் கடிக்கு அதை அழைத்திருக்கவில்லை.

மாதங்கள் கழித்துக் கைத்தடியோடு வந்தார். "தம்பி... கத்தாமலே... கூப்ட்டியாமே?" என்றார், ஒவ்வொரு சொல்லாக. மனைவி மறுபடியும் அதே சிரிப்பு சிரித்தாள். உயிரைக் காப்பாற்றியது நான், சிரிப்பு அவருக்கு!

அவர் காலமாகிப் பல வருடம் ஆயிற்று. இன்று, நாங்கள் குடிமாறி வந்த செராஸில் என் காரை நானும் சாலையைப் பார்த்தே நிறுத்துகிறேன். பக்கத்து வீடுகளுக்கும் அது தெரியும், இரண்டு முறை வந்து தட்டியிருக்கிறார்கள். நேற்று ஸ்டீயரிங்கை வெட்டி வெட்டி, முன்னும் பின்னுமாகத் திணறி ஒருவழியாக நிறுத்தினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணன் ஒரே வெட்டுல போட்டுருவாரு."