பட்டில் தட்டுப்பட்ட கம்பி

சைகோனில் ‘பென் தான்’ என்ற சந்தைக்குப் பின்னால் எனக்கு ஒரு துணிக்கடை இருந்தது. காரைக்காலில் கப்பலேறும்போதே ஒரு வைராக்கியம்: கையால் தடவிப் பார்க்காமல் எந்தத் துணியையும் நல்ல துணி என்று சொல்வதில்லை. பழுது இருந்தால் நானே காட்டிவிடுவேன். அதனால் என் சொல்லுக்கு ஊரில் மதிப்பு. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்.

ஒருநாள் பிரெஞ்சு வித்தைக்காரன் ஒருவன் வந்து மெல்லிய சிவப்புப் பட்டு வாங்கினான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை மாயமாக்கும் வித்தைக்காம். பாரிசில் யாரோ தொடங்க, மற்றவர்கள் ஊர் ஊராகக் காப்பியடித்து, கடல் தாண்டி எங்களிடம் வந்திருந்தது. தரையில் கள்ளக்கதவு இல்லை என்று நம்பவைக்க ஒரு செய்தித்தாளை விரிப்பார்கள். அதன்மேல் நாற்காலி. பெண்ணின்மேல் போர்த்த என் பட்டு.

“மேடைக்கு வந்து, இது வெறும் துணிதான் என்று சொல்லுங்கள், முசியே. நீங்கள் சொன்னால் ஊர் நம்பும்,” என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு மனைவியை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

மேடையில் பட்டை நீட்டினான். தொட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். பழக்கம் விடுமா? ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே போனேன். நடுவில் பெருவிரலில் ஏதோ இடறியது. மறுபடி தடவினேன். இன்னொரு முறையும். கம்பி வளையம்! பெண் போன பிறகும் துணிக்குள் தலை இருப்பதுபோல் காட்டத் தைத்திருக்கிறான், படுபாவி. எதிரே என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும். நாற்காலியிலிருந்த பெண் முகம் வெளிறி என் வாயையே பார்த்தாள். பாவமாக இருந்தது.

“வெறும் பட்டு,” என்றேன். துணி விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய்.

பெண் மாயமானாள். கைதட்டல் காதைப் பிளந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள்: “ஏங்க, அந்தத் துணியில என்ன பழுது?”

“பழுதா? ஒண்ணுமில்லையே.”

“ஒரே எடத்த மூணு தடவ தடவுனீங்களே.”

மழை வரும்போல இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன்.

அந்தத் தீபாவளிக்கு அவளுக்குப் புடவை எடுத்துப்போனேன். “சுத்தமான பட்டு,” என்றேன். அவள் சன்னலோரம் கொண்டுபோய்ப் பிரித்து, ஓரத்திலிருந்து பெருவிரலால் தடவ ஆரம்பித்தாள்.