காலிச் சுருக்கு

பிள்ளைகளா, வேலைக்கு எவ்வளவு நேரமானாலும் அடுத்தவர் சாவியை நான் கையால் தொட மாட்டேன் என்று ரெண்டு பேரும் கேலி பண்ணுகிறீர்கள். காரணத்தை நேரில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருசங்கள் அவை. பச்சை இலையை யாரும் மதிக்காததால் மலைமேல் சோலூர்ப் பக்கம் பலர் பறிக்காமலே விட்டுவிட்டார்கள், செடி மரமாகிக்கொண்டிருந்தது. நான் பத்தாவது முடித்துவிட்டு அரசாங்கத் தோட்டம் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். உரமும் மருந்தும் என் பொறுப்பு. ஸ்டோர் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், மற்றது என் மேலதிகாரி சூப்பிரண்டிடம். ரெண்டு பேரும் வந்தால்தான் கதவைத் திறக்க வேண்டும். அதுதான் விதி.

சிக்கனம் என்று ஆளைக் குறைத்தார்கள். சூப்பிரண்டின் தலையில் இன்னொரு தோட்டத்தையும் கட்டினார்கள். அவருக்கு ஊடு தூரத்தில், காந்தலில். ரெண்டு பஸ் மாறி வந்து சேர பத்து மணி தாண்டிவிடும். மழை மாதத்தில் இலையில் கொப்புள நோய் வந்தால் காலையிலேயே மருந்து அடித்தாக வேண்டும். பூட்டின கதவு முன்னால் வேலைக்கார அக்காமார் நனைந்துகொண்டு நிற்பார்கள்.

"ஏனுங்க ஸ்டோர்க்காரரே, பூட்டுக்குப் பூசை போடணுமா, இல்ல நாங்க ஊட்டுக்குப் போயி சோறாக்கிட்டு வரட்டுமா?"

ஒரு நாள் சாயங்காலம் சூப்பிரண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தன் சாவியை என் கையில் வைத்தார்.

"நீயே வெச்சுக்க கண்ணு. உன்னை நம்பாம யாரை நம்பப் போறேன்?"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் கழுத்துக் கயிற்றில் இன்னொரு சுருக்குப் போட்டு அதையும் மாட்டிக்கொண்டேன். காலையில் நானே ரெண்டு பூட்டையும் திறப்பேன். அவர் வந்ததும் தன் சாவியை வாங்கிக்கொள்வார். சாயங்காலம் திரும்ப என் கையில் போடுவார். ரெண்டு வருசம் இப்படியே ஓடியது.

அப்புறம் ஆடிட் வருகிறது என்று கடிதம் வந்தது. சூப்பிரண்டுக்கு ரிட்டையர் ஆக மூன்று மாதம்தான் இருந்தது. அவர் பேரில் குறிப்பு விழுந்தால் பென்ஷன் பேப்பர் நின்றுவிடும். "மூணே மாசம், மானத்தோட இறங்கிரணும்" என்று தினமும் சொல்வார். எண்ணி முடித்த மூட்டைகளை மறுபடி எண்ணினேன். ஊட்டில் உட்கார்ந்தால் எழுந்து ஸ்டோருக்கு நடந்தேன்.

ஆடிட் அன்று சூப்பிரண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். ஆடிட்டர் கோயமுத்தூர்க்காரர், குரங்குக் குல்லாவுக்குள் கண் மட்டும் தெரிந்தது. அவர் முன்னால் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தோம். சாயங்காலம் வரை பார்த்தார். மூட்டை, டப்பா எல்லாம் ரெஜிஸ்டரோடு ஒத்துப்போனது.

"ஒண்ணுகூடக் குறையலையே, பரவாயில்லையே!" என்றார்.

வெளியே வந்து அவரவர் பூட்டைப் பூட்டினோம். நான் கையை நீட்டினேன். சூப்பிரண்டு தன் சாவியை அதில் வைத்தார்.

நாங்கள் ரெண்டு பேரும் யோசிக்கவே இல்லை. ஆடிட்டர் யோசித்தார்.

"அந்தச் சாவி ஏன் இவருகிட்ட வருது?"

"தெரியாமக் குடுத்துட்டேனுங்க." சூப்பிரண்டு சிரிக்கப் பார்த்தார்.

ஆடிட்டர் என் கழுத்தைக் கவனித்தார். கயிற்றில் என் சாவி. பக்கத்திலேயே காலியாக ஒரு சுருக்கு.

"எத்தனை நாளா?" என்று என்னிடம் கேட்டார்.

சூப்பிரண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு மட்டும் என்று நான் சொன்னால் முடிந்தது.

"ரெண்டு வருசமாங்க."

"நாளைக்கு ஒரு மூட்டை குறைஞ்சா, நீங்க எடுக்கலேன்னு சொல்ல யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுத ஆரம்பித்தார்.

சூப்பிரண்டு சாவியைத் திரும்ப வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டார். பஸ் நிறுத்தத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பொய் சொல்லுன்னு நான் கேக்கல கண்ணு. கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

விளக்கக் கடிதம் எழுதி எழுதி, ரிட்டையர் ஆன பிறகும் பல மாதம் அவர் பென்ஷனுக்கு அலைந்தார். கடைசியில் கிடைத்தது. ஆனாலும் அவரை பஜாரில் பார்த்தால் எனக்குக் கால் தானாக வேறு சந்துக்குள் திரும்பும். நான் சொன்னது நிசம்தான். ஆனால் சாவியை வாங்கிக்கொண்ட அன்றைக்கே வேண்டாம் சார் என்று சொல்லியிருக்கலாமே என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

ஆடிட் நடந்த அன்று அவர் பஸ் போனதும் ஸ்டோருக்குத் திரும்பி வந்தேன். ரெண்டு பூட்டும் தொங்கின. படியில் உட்கார்ந்து கயிற்றைக் கழற்றினேன். காலிச் சுருக்கின் முடிச்சு வியர்வையிலும் பனியிலும் இறுகிப்போயிருந்தது. கதவுச் சட்டத்தில் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்து, குத்திக் குத்தி, அதை அவிழ்த்தேன்.