கண் வார்டு அக்காவின் படகுப் பரீட்சை

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அதில் பத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரியின் கண் வார்டில் ஆயா வேலை. படுக்கை விரிப்பதிலிருந்து, ஆபரேஷன் முடிந்தவர்களைக் கைப்பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது வரை எல்லாம் அவள் தலையில்தான். கண்ணில் கட்டுப் போட்டுக் கிடப்பவரைச் சொல்லாமல் கொள்ளாமல் தொட்டால் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுவிடும். அதனால் எதைச் செய்வதற்கு முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

"ஐயா, இப்ப உங்க தோளைத் தொடப்போறேன். தொட்டுட்டேன். இப்ப தலகாணியைக் கொஞ்சம் நகத்தப்போறேன்."

இந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. "இப்ப லைட்டை அணைக்கப்போறேன்" என்பாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இரும்புக் கூண்டுக்குள் மேலும் கீழும் போய்வந்து அலுத்த மனுஷன். "அணைச்சுத் தொலையேன், அதுக்கொரு அறிவிப்பு வேணுமா?" என்று போர்வையை இழுத்துக்கொள்வார்.

நாற்பத்துநாலாவது வயதில்தான் சமுதாயக் கல்லூரியில் நர்ஸிங் படிப்பில் சேர்ந்தாள். நர்ஸ்கள் செய்கிற வேலையில் பாதியை அவள்தான் செய்துகொண்டிருந்தாள், பேருக்கு ஒரு காகிதம் இல்லை, அவ்வளவுதான். பகலில் வார்டு, சாயங்காலம் வகுப்பு. ஊசி, மருந்துக் கணக்கு, உடற்கூறு என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாள். தலைமை நர்ஸும் வாக்குக் கொடுத்திருந்தார்: "ஒண்ணாம் தேதிக்குள்ள சர்டிபிகேட்டோட வா, இடம் உனக்குத்தான். அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது."

எல்லாம் சரி. ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு விதி இருந்தது. யார் என்ன படித்தாலும் உடற்கல்வியில் ஒரு பாடம் முடித்தே ஆகவேண்டும். அவள் "அப்புறம் பாத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டாள். கடைசிப் பருவத்தில் போய் நின்றால் நடைப்பயிற்சி வகுப்பு நிரம்பிவிட்டது, பந்து விளையாட்டும் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. துடுப்புப் படகு.

கடவுளே, படகு! வாளியில் இருக்கும் தண்ணீரைத் தவிர வேறெந்தத் தண்ணீரையும் நம்பாதவள் அவள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஆனாலும் வேறு வழி? கையெழுத்துப் போட்டாள்.

முதல் வகுப்பிலேயே மானம் போனது. ஏரிக்கரையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பயிற்சியாளர் அம்மா கேட்டார்: "படகு கவிழ்ந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?"

நர்ஸிங் செய்முறைத் தேர்வில் எந்தக் கேள்விக்கும் முதல் படி ஒன்றுதான். அது நாக்கில் ஊறிப்போயிருந்தது. கையைத் தூக்கிச் சொல்லியும்விட்டாள்: "சோப்புப் போட்டுக் கையைக் கழுவணும் மேடம்."

ஏரியே சிரித்தது. அதிலும் அவளுக்கு ஜோடியாகப் போட்டிருந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன், உடற்கல்வி ஆசிரியராக ஆசைப்பட்டுப் படிக்கிறவன். ஆள் இருக்கிற இருப்புக்கு எல்லோரும் 'மலை' என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் ஏறினால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அவளைப் பார்த்துப் பல்லிளிக்கும். அவளோ, "இப்ப இடது காலை வைக்கப்போறேன், இப்ப உக்காரப்போறேன்" என்று படகுக்கே சொல்லிச் சொல்லித்தான் ஏறுவாள்.

"அக்கா, அது படகு, பேஷன்ட் இல்ல" என்பான் மலை.

"ரெண்டும் ஆடுது தம்பி. நீ பேசாம முன்னாடி பாரு."

பரீட்சை நாள் வந்தது. ஒண்ணாம் தேதிக்கு ஆறு நாள்தான் பாக்கி. ஆரஞ்சு மிதவை வரை துடுப்புப் போட்டுப் போய், அங்கே வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, கவிழ்ந்த படகைப் பிடித்தபடி காலை உதைத்துக் கரைக்கு வரவேண்டும். படிகள் எல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நட்சத்திரம் போட்ட படியில் ஒன்றை விட்டாலும் தோல்வி. மறு பரீட்சை நாலு மாசம் கழித்துத்தான். அவள் அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் உருப்போட்டாள்: படகைப் பிடி, விசில் ஊது, ஜோடியைத் தேடு, காலை உதை.

புருஷன் லீவு போட்டுவிட்டுத் துண்டும் வெந்நீர் பிளாஸ்க்குமாகக் கரையில் வந்து உட்கார்ந்தார். "பயமா இருந்தா வந்துடு, வேற வழி பாக்கலாம்" என்றார். வேறு வழி கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

மிதவை வந்தது. "இப்ப சாயப்போறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள்.

ஐயோ, அந்தக் குளிர்! மூக்கு, வாய், காது எல்லாவற்றிலும் தண்ணீர். மிதவைச் சட்டை அவளைப் பிடித்து மேலே தள்ளியது. கைக்குத் தட்டுப்பட்ட படகை இறுகப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். செத்துப்போகவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் மலையைப் பார்த்தாள். இரண்டு கை தூரத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான். நீச்சல்குளத்தில் மெடல் வாங்கினவன், மிதவைச் சட்டையும் போட்டிருக்கிறான், ஆனால் முகம் வெளுத்துக் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். "கால்ல என்னமோ சுத்துது! அடி தெரியல! அடி தெரியல!" என்று அலறினான். சுற்றியது பாசிக்கொடிதான். நீச்சல்குளத்தில் தரை தெரியும், ஏரியில் தெரியாது. அடி தெரியாத தண்ணீர் என்றால் அவனுக்கு உயிரே போய்விடும் என்பதை இத்தனை நாள் சிரிப்புக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறான்.

மூடிய கண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தண்ணீர் மறந்துபோனது. அது கண் வார்டு, அவன் ஏழாம் நம்பர் படுக்கை, அவ்வளவுதான்.

"தம்பி!" வார்டின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல் அது. "நான் உன் இடது பக்கம் இருக்கேன். இப்ப உன் கையைப் பிடிக்கப்போறேன். பிடிச்சுட்டேன். இப்ப அதைத் தூக்கிப் படகு மேல வைக்கப்போறேன். வச்சாச்சு. கால்ல இருக்கிறது பாசி, ஒண்ணும் செய்யாது. மெதுவா மூச்சு விடு. இன்னொரு கையைக் குடு. அவ்வளவுதான், ராஜா. இப்ப ரெண்டு பேரும் காலை உதைக்கப்போறோம்."

மலை கண்ணைத் திறக்கவேயில்லை. அவள் சொன்னதை மட்டும் செய்தான். கரை வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. காலில் மண் தட்டியபோது, "தரை வந்தாச்சு, இப்ப நிக்கப்போறோம்" என்றாள். அப்போதுதான் அவன் கண்ணைத் திறந்தான்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான் சின்னக் குரலில்.

"நான் சொல்லாம எதையும் செய்யமாட்டேன். ஆனா இதைச் சொல்லமாட்டேன், போ."

சிரித்துக்கொண்டே மிதவைச் சட்டையைக் கழற்றப்போனவளின் விரலில் அதில் தொங்கிய விசில் பட்டது. ஊதாத விசில். நட்சத்திரம் போட்ட படி! இரண்டு வருஷத்துப் படிப்பும் தலைமை நர்ஸ் பிடித்து வைத்த இடமும் அத்தனையும் ஊதாமல் விட்ட அந்த ஒரு ஊதலில் போயிற்று. மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. நேராகப் பயிற்சியாளர் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், நான் விசில் ஊதல."

"தெரியும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." அந்த அம்மா கையிலிருந்த தாளை நீட்டினார். "அந்தப் படியை முழுசா படிங்க."

அவள் படித்தாள். 'விசிலாலோ உரத்த குரலாலோ கரைக்குத் தெரிவித்தல்.' உருப்போடும் அவசரத்தில் பாதியை விட்டுவிட்டு வெறும் விசிலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறாள் மகராசி!

"யார் எங்க இருக்காங்க, எந்தக் கை எங்க இருக்கு, கால்ல என்ன சுத்தியிருக்கு, எல்லாம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. இதுவரைக்கும் எந்த விசிலும் எனக்கு இவ்வளவு விவரம் சொன்னதில்ல. ரெண்டு பேரும் பாஸ். போய்த் தலையைத் துவட்டுங்க, நர்ஸம்மா."

நர்ஸம்மா. பத்தொன்பது வருஷத்தில் அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மண்ணில் கால் பாவாமல் புருஷன் பக்கம் நடந்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார். கரையில் நின்றே பாதி உயிர் போனவராக இருந்தார்.

"என்ன ஆச்சு? சொல்லேன்!"

"பாஸ்" என்றாள். பிறகு, "இப்ப நான் அழப்போறேன்" என்றாள். சொன்னபடியே ஓவென்று அழுதாள்.

அறிவிப்பு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. துண்டை உதறி விரித்தார்.

"இப்ப உன் தலையைத் துவட்டப்போறேன்" என்று சொல்லிவிட்டுத் துவட்டினார்.